வாத்தியார் பக்கம்: மாமாவின் துப்பாக்கிக்குப் புதுக் கட்டை

பள்ளி விடுமுறை தொடங்கிய இரண்டாம் நாள் காலை, அத்தை தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, உங்க மாமாவுக்குக் கன்னம் வீங்கிக் கிடக்கு. கையிலயும் காயம். கிளினிக்குக்கு வாங்கன்னா வரமாட்டேங்கிறாரு. நீங்க வந்து சொன்னா கேப்பாரு" என்றார். என் மாமா யார் சொல்லியும் கேட்பவர் அல்லர் என்பது எங்கள் குடும்பத்தில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் புறப்பட்டுப் போனேன்.

மாமா பால்மரத்தில் தொடங்கி, தோட்டம் செம்பனைக்கு மாறியபோது தானும் மாறி, கடைசியில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணத்தில் காட்டோரமாக மூன்று ஏக்கர் வாங்கிச் செம்பனை நட்டார். நட்ட முதல் ஆண்டே காட்டுப்பன்றிகள் கூட்டமாகப் புகுந்து கன்றுகளின் குருத்தைக் கிளறித் தின்றுவிட்டன. செம்பனைக் கன்றுக்குக் குருத்துப் போனால் கன்றே போயிற்று. வேலி போட்டார். தகர டப்பா கட்டினார். இரவெல்லாம் தீ மூட்டினார். பன்றிகள் அசரவில்லை. அதன் பிறகுதான் முறைப்படி மனுப்போட்டு, போலீஸ் உரிமமும் வனவிலங்குத் துறையின் அனுமதியும் பெற்று, ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி வாங்கினார். பழைய துப்பாக்கிதான். 'பன்னிரண்டு போர்' வகை. (அது என்ன பன்னிரண்டு என்று கேட்கும் பிள்ளைகளுக்காக: அந்தக் குழலின் வாயளவுக்கு ஈயக் குண்டுகள் வார்த்தால், பன்னிரண்டு குண்டுகள் சேர்ந்து ஒரு பவுண்டு எடை வரும். அதுதான் கணக்கு.)

நான் போனபோது மாமா ஐந்தடியில் உட்கார்ந்திருந்தார். இடக்கன்னம் என்று நினைத்துப் பார்த்தேன்; வலக்கன்னம். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் கிழிந்து, அத்தையின் பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது.

"என்ன மாமா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மாப்ளே. துப்பாக்கிக் கட்டை கொஞ்சம் விட்டுப்போச்சு."

கொஞ்சம் அல்ல. துப்பாக்கியின் இரும்புப் பகுதிக்குப் பின்னால், கையால் பிடிக்கும் கழுத்து இருக்கிறதல்லவா, அந்த இடத்தில் கட்டை நீளவாக்கில் பிளந்து கிடந்தது. போன ஆண்டே மயிரிழை போல ஒரு வெடிப்பைப் பார்த்திருக்கிறார். பசை ஊற்றி, மண்வெட்டிக் காம்புக்குச் சுற்றுவது போலச் செம்புக் கம்பி சுற்றிவிட்டார். முந்தைய இரவு பன்றியைப் பார்த்துச் சுட்டபோது அந்த வெடிப்பு வாய் திறந்து மூடியது. மூடும்போது உள்ளங்கைத் தோலைக் கவ்விக்கொண்டது. கட்டை தோளிலேயே நிற்க, இரும்பும் கையும் பின்னால் வந்ததில் சொந்தப் பெருவிரல் கணுவே கன்னத்தில் இடித்துவிட்டது. இன்னும் இரண்டு அங்குலம் மேலே போயிருந்தால் கண்.

முதலில் கிளினிக்குக்குப் போனோம். நான்கு தையல். திரும்பி வரும்போது வண்டியிலேயே மாமா தம் திட்டத்தைச் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் ஒரு ரப்பர் மரத்துண்டு கிடக்கிறது. நம்ம ஆசாரியிடம் கொடுத்தால் இரண்டு நாளில் கட்டை செதுக்கிக் கொடுத்துவிடுவார். இதற்குப் போய்ப் பட்டணத்துக்கு அலைவானேன்?

நான் இரண்டு காரணம் சொன்னேன். முதலாவது சட்டம். உரிமம் மாமாவின் பெயரில் இருக்கிறது. ஆசாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் பட்டறையில் துப்பாக்கியை விட்டுவிட்டு வந்தால், உரிமம் இல்லாதவர் கையில் துப்பாக்கி இருக்கிறது என்றுதான் பொருள். 1971-ஆம் ஆண்டின் சட்டப்படி அதற்கு 14 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. துப்பாக்கி பழுது பார்ப்பதைத் தொழிலாகச் செய்யவே 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். இன்றைக்கும் பலர் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். நம் வீட்டுத் துப்பாக்கிதானே என்று தம்பியிடம் கொடுப்பதும், மருமகனிடம் காட்டுவதும், எல்லாமே வம்பு. நான் கூட இந்தக் கதை முழுவதிலும் அந்தத் துப்பாக்கியில் கை வைக்கவில்லை. பார்த்தவன் மட்டுமே.

இரண்டாவது காரணம் மரம். அதைத் துப்பாக்கிக் கடையில் இருந்த துக்காங்கே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

உரிமம் பெற்ற அந்தக் கடை பட்டணத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. துக்காங் வயதான சீனர். மாமாவும் அவரும் மலாயில்தான் பேசிக்கொண்டார்கள். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு, தோட்டா எதுவும் இல்லாமல், துப்பாக்கியைப் பிரித்துப் பையில் போட்டு, உரிமப் புத்தகத்தோடு போனோம். அவர் முதலில் புத்தகத்தைத்தான் வாங்கிப் பார்த்தார். எண்ணைச் சரிபார்த்த பிறகே பையைத் திறந்தார். கம்பிச் சுற்றைக் கண்டதும் சிரித்துவிட்டார். மாமா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கட்டையின் அடியில் இருக்கும் தகட்டை இரண்டு திருகாணி கழற்றி எடுத்தார். உள்ளே ஆழமாக ஒரு துளை. நீளமான திருப்புளியை அதற்குள் விட்டுத் திருகினார். ஒரு நீண்ட இரும்பாணி வெளியே வந்தது. இந்த வகைத் துப்பாக்கியில் மரத்தையும் இரும்பையும் பிடித்து வைத்திருப்பது அந்த ஓர் ஆணிதான். அது முக்கால் சுற்று தளர்ந்து போயிருந்ததாம். கட்டை கையோடு வந்துவிட்டது. இரும்போடு பொருந்தும் முகப்பை எங்களிடம் காட்டினார். கன்னங்கரேல் என்று ஊறிப்போயிருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது.

"எண்ணெய் நிறையப் போடுவீங்களா?" என்று கேட்டார்.

"பின்ன? துரு பிடிக்காம இருக்க வேணாமா?"

"போட்டுட்டு எப்படி வைப்பீங்க? குழல் மேலயா, கீழயா?"

மேலேதான். எல்லாரும் அப்படித்தானே சாத்தி வைக்கிறோம்? அங்கேதான் வினை. குழலிலும் விசையிலும் விட்ட எண்ணெய் ஒவ்வொரு நாளாகக் கீழே இறங்கி, மரத்தின் முகப்பில் ஊறி, பதினேழு ஆண்டில் மரத்தைப் பிண்ணாக்காக்கிவிட்டது. எண்ணெய் ஊறிய மரத்தில் பசையும் ஒட்டாது. மாமா ஊற்றிய பசை உரித்த தோலைப் போலத் தனியே கழன்று வந்தது.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. வாத்தியார் என்றால் அது தவிர்க்க முடியாதது. துப்பாக்கி சுட்டால் தோளில் ஏன் இடிக்கிறது? குண்டு முன்னால் போகும் உந்தத்துக்குச் சமமான உந்தம் துப்பாக்கிக்குப் பின்னால் கிடைக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. ஒரு தோட்டாவில் ஏறத்தாழ 32 கிராம் ஈயச் சன்னம். அது நொடிக்கு 370 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கியின் எடை 2,700 கிராம். வகுத்துப் பார்த்தால், துப்பாக்கி நொடிக்கு 4 மீட்டருக்கு மேலான வேகத்தில் பின்னால் வரும். மருந்துப் புகையின் உந்தத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். மிதிவண்டி வேகம் என்று சொல்லலாம். அந்த இரும்பை நிறுத்துவது நம் தோள். நடுவில் நிற்பது மரம்.

இரும்பின் பின்முகம் முழுவதும் மரத்தில் ஒரே சீராகப் பதிந்திருந்தால், அந்த இடி பரந்து போய்விடும். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் பட்டால்? விறகு பிளக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் ஆப்பு. ஆணி தளர்ந்து, முகப்பு மெத்தென்று ஆன பிறகு, மாமா சுட்ட ஒவ்வொரு தோட்டாவும் ஆப்பின் தலையில் விழுந்த சம்மட்டி அடிதான்.

அந்தப் பிளவுக்குள் பார்த்ததில் இன்னொரு குட்டும் வெளிப்பட்டது. இது வால்நட் மரம், வெள்ளைக்காரன் துப்பாக்கி என்று மாமா ஊரெல்லாம் பெருமை பேசியிருந்தார். பிளந்த உட்பக்கமோ வெளிறிப்போய், சிறு சிறு கோடுகளாக இருந்தது. பீச் மரத்துக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள். பீச்சும் நல்ல மரம்தான். ஐரோப்பாவில் ராணுவத் துப்பாக்கிகளுக்கே போட்டிருக்கிறார்கள். ஆனால் பதினேழு ஆண்டுப் பெருமை போனால் போனதுதானே. மாமா வெகு நேரம் பேசவில்லை.

ரப்பர் மரத்தைப் பற்றி நானே கேட்டேன். துக்காங் தலையை ஆட்டினார். ரப்பர் மரத்தை அவர் குறை சொல்லவில்லை. அதில்தான் நாற்காலியும் மேசையும் செய்து உலகமெல்லாம் அனுப்புகிறோம். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். அறுத்த கையோடு மருந்தேற்றிக் காய வைக்காவிட்டால் நீலம் பாரிக்கும், பூச்சி துளைக்கும். மாமாவின் துண்டு வெட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை. காற்றில் காய வைக்கும் மரத்துக்கு, அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. துப்பாக்கிக் கட்டைக்கு இரண்டரை அங்குலக் கனம் வேண்டும். பச்சை மரத்தில் செதுக்கிப் பொருத்தினால் இன்றைக்குக் கச்சிதமாக இருக்கும். ஆறு மாதத்தில் சுருங்கி, முறுக்கிக்கொண்டு, மறுபடியும் ஒரே புள்ளியில் இடிக்கும்.

அவர் பரணிலிருந்து நான்கு பலகை இறக்கினார். எல்லாம் வால்நட். எடை குறைவு, ஆனால் வலு உண்டு, எளிதில் முறுக்காது, உளிக்குச் சொன்னபடி கேட்கும் என்பதால் துப்பாக்கிக்காரர்களுக்கு அந்த மரத்தின் மேல் தனிப் பிரியம். மாமா பூப்பூவாகக் கோடு ஓடிய அழகான பலகையைத் தொட்டார். "தா போலே" என்று துக்காங் அதைத் தள்ளி வைத்துவிட்டார். அழகுக் கோடு கழுத்தில் குறுக்காக ஓடியது. கழுத்துதான் கட்டையிலேயே மெலிந்த இடம். அங்கே மரத்தின் ரேகை நீளவாக்கில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பிஸ்கட் போல முறியும். கோடாலிக் காம்புக்குக் கிளை பார்த்து வெட்டும் நம் பெரியவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். கடைசியில் சாதுவாக, நேர் ரேகை ஓடிய பலகை ஒன்றைத் தேர்ந்தார்கள்.

இரண்டாம் முறை போனபோது, அளவு எடுத்தார். இங்கேதான் சச்சரவு.

விசையிலிருந்து கட்டையின் அடி நடுவரை உள்ள நீளம்தான் முக்கியமான அளவு. சட்டைக்குக் கை நீளம் போல. பழைய கட்டையில் அது 14¼ அங்குலம். துக்காங் மாமாவை நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லி, தோளைத் தடவிப் பார்த்து, "13½" என்றார்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன குட்டையாயிட்டேனா? சின்னப் பையன் துப்பாக்கியா எனக்கு?" என்று தமிழில் என்னிடம் கேட்டார். குட்டையாகத்தான் ஆகியிருந்தார். எழுபத்து மூன்று வயது. நாற்பது வருடம் வாளி தூக்கிய தோள் முன்னால் வளைந்துவிட்டது. கழுத்து முன்னைப்போல் நீளாது. நீளக் கட்டை அவர் அக்குளில் மாட்டுகிறது. தோளுக்குள் சரியாகப் பதியாமல் புயத்தில் உட்காருகிறது. கன்னத்தில் இடித்ததற்குப் பிளவு பாதிக் காரணம் என்றால், இந்த நீளம் மீதிக் காரணமாக இருந்திருக்கும் என்றார் துக்காங்.

இது புதிய செய்தி அல்ல. அவசரகாலத்தில், 1948-க்கும் 1960-க்கும் இடையில், நம் தோட்டங்களைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் கையில் இருந்த லீ-என்பீல்ட் துப்பாக்கியை வயதானவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அந்தத் துப்பாக்கிக்கும் பின்கட்டை தனித்துண்டுதான், இதே போல ஒரு நீண்ட ஆணியால் மாட்டியது. அதை ஆளுக்குத் தகுந்தபடி பல நீளங்களில் செய்தார்கள்: நீளம், சாதாரணம், குட்டை, அதைவிடக் குட்டைக்குப் 'பேன்டம்' என்று பெயர். பேன்டம் என்றால் குட்டைச் சேவல். இதை நான் மாமாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "அப்ப நான் குட்டைச் சேவலா?" என்றார்.

பிறகு உண்மை வெளியே வந்தது. மெதுவாகச் சொன்னார். "எனக்குன்னு இல்ல மாப்ளே. பையன் வந்தா அவனுக்கு வேணுமில்ல? அவன் என்னைவிட உசரம்."

பையன் ஜொகூர் பாருவில் இருக்கிறான். தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். மூன்று ஏக்கரைப் பற்றி அவன் பேசி நான் கேட்டதில்லை. துப்பாக்கி உரிமமும் நிலம் மாதிரி அப்பனிடமிருந்து மகனுக்குத் தானாக வந்து சேராது. அவனே மனுப்போட்டு, அவனுக்கே கிடைக்க வேண்டும். இதெல்லாம் மாமாவுக்குத் தெரியாததல்ல. நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை மட்டும், "இன்னைக்கு ராத்திரி யாரு தூக்கிட்டுப் போறது? அவனா, நீங்களா?" என்றார்.

துக்காங்குக்குத் தமிழ் புரியாது. ஆனால் முகம் புரிந்திருக்க வேண்டும். பலகையை 13½ அங்குலத்தில் அறுத்தார். அறுபட்டு விழுந்த முக்கால் அங்குலத் துண்டை எடுத்து, துடைத்து, மாமா கையில் வைத்தார். நாளைக்கு உயரமானவர் யாராவது இந்தத் துப்பாக்கிக்கு உரிமம் வாங்கினால், இதே துண்டைக் கட்டைக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே வைத்து நீட்டிக்கொள்ளலாம், ரேகைகூட மாறாது என்றார். மாமா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இரும்பை மரத்தோடு பொருத்திய வேலையை மூன்றாம் முறை போய் முழுக்காலையும் உட்கார்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் விளக்கின் கரியை இரும்பின் முகத்தில் மெல்லியதாகப் பூசுகிறார். மரத்தில் அழுத்தி எடுக்கிறார். எங்கே கரி ஒட்டியதோ அங்கே மட்டும் மரம் மேடு. அந்த மேட்டை உளியால், செதுக்குகிறார் என்றுகூடச் சொல்ல முடியாது, சுரண்டுகிறார். மறுபடியும் கரி, மறுபடியும் அழுத்தல். முதலில் இரண்டு புள்ளி. பத்து தடவைக்குப் பிறகு எட்டுப் புள்ளி. மதியம் ஆகும்போது முகம் முழுவதும் அம்மை போட்டது போலச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் நெருக்கமாக விழுந்தன. அப்போதுதான் அவர் உளியைக் கீழே வைத்தார். மேல்பக்கம் வால் போல நீளும் இரும்பின் நுனியில் மட்டும், வேண்டுமென்றே ஒரு மயிரிழை இடைவெளி விட்டார். அந்த நுனி மரத்தைத் தொட்டால் இடிக்கும்போது அதுவே ஆப்பாகிவிடுமாம். பொறுமை என்ற சொல்லை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன்; அந்தக் காலை அவர் பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் என் வேலை மிச்சம்.

வேட்டை ரைபிள்களுக்கு வேலை இன்னும் நுட்பம் என்றார். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மரம் ஒரே துண்டாகக் குழலுக்கு அடியிலும் ஓடும். இரும்பின் அடியில் உள்ள ஒரு கட்டிதான் இடியைத் தாங்கும். அது மரத்தில் இம்மி பிசகாமல் பதிய வேண்டும். குழலையோ மரம் தொடவே கூடாது என்று பல துக்காங்குகள் இடைவெளி விடுவார்கள், ஒரு காகிதம் தாராளமாக நுழைந்து போகும் அளவுக்கு. நம் ஊர் மழையில் மரம் ஊதி ஒரு பக்கம் குழலைத் தள்ளினால், குண்டு வேறெங்கோ போகும்.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய். உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் துடைத்து எழும் சிலும்பை மறுபடி தேய்த்து, எண்ணெயை உள்ளங்கையால் சூடு வரத் தேய்க்கிறார். ஒரு பூச்சு காய ஒரு நாளுக்கு மேல். அப்படிப் பல பூச்சு. தேங்காய் எண்ணெய் ஆகாதா என்று அத்தை கேட்கச் சொல்லியிருந்தார். ஆகாது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியை வாங்கி இறுகித் தோலாகிவிடும். தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்புத்தான். இதில் ஓர் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன், கதவு சன்னலுக்கு இந்த எண்ணெய் பூசுகிறவர்களும் கேளுங்கள். அது இறுகும்போது சூடு வெளிவரும். எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானே தீப்பிடிக்கும். துக்காங் ஒவ்வொரு துணியையும் விரித்துக் கொடியில் உலர்த்துகிறார்.

ஐந்து வாரம் கழித்து வேலை முடிந்தது. 600 வெள்ளி. மாமா பேரம் பேசவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பழைய கட்டையைக் கேட்டார். அது கடையிலேயே இருக்கட்டும், வார்ப்பளவுக்கு உதவும் என்று துக்காங் சுவரில் மாட்டிவிட்டார். போகும்போது மூன்று கட்டளை: எண்ணெய் துளியளவு போதும், பூட்டிய அலமாரியில் குழல் கீழ்நோக்கி இருக்கட்டும், முதல் பத்துத் தோட்டாவுக்குப் பிறகு ஆணி தளர்ந்ததா என்று பார்க்க இங்கே கொண்டு வரவேண்டும்.

போன வாரம் அத்தையிடம் கேட்டேன். மாமா என்னிடம் இன்னும் குட்டைக் கட்டை என்றுதான் முணுமுணுக்கிறார். அத்தையிடம் மட்டும், "எடுத்த உடனே தோள்ல வந்து உக்காருதுடி" என்று சொன்னாராம். அந்த முக்கால் அங்குலத் துண்டு எங்கே என்று கேட்டேன். உரிமப் புத்தகத்தோடு, பையனின் பிறப்புப் பத்திரம் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறதாம்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஒரு தாயார், பாராங் கத்தியின் பிடி அடிக்கடி கழன்றுவிடுகிறது, என்ன செய்யலாம் என்று எழுதியிருக்கிறார். அதற்கு உரிமம் எதுவும் வேண்டியதில்லை. ஆசாரியிடம் கேட்டுக்கொண்டு அடுத்த இதழில் எழுதுகிறேன்.